மேலிருந்து கீழுக்கு

சார்ஜர் காலியாக இருந்தது.

அவன் அப்பாவின் தலைமாட்டில் குனிந்து, போர்த்தியிருந்த வெள்ளைத் துணியைச் சரிசெய்வது போல ஒரு கையால் பாசாங்கு பண்ணிக்கொண்டே, இன்னொரு கையை ஸ்டூலுக்குப் பின்னால் விட்டுத் தடவினான். வயர் கிடைத்தது. சார்ஜரின் குழி கிடைத்தது. குழிக்குள் இருக்க வேண்டிய வாக்கி டாக்கி மட்டும் கிடைக்கவில்லை.

"என்னத்தத் தேடற?"

கிரேன்காரர் கேட்டார். நேற்று சாயங்காலம் ஏழு மணிக்கு வந்து அந்த நாற்காலியில் உட்கார்ந்தவர். இப்போது காலை மணி பத்து. பாத்ரூமுக்கு இரண்டு முறை எழுந்ததோடு சரி. அந்த இரண்டு முறையும் அறைக்குள் வேறு யாராவது இருந்து தொலைத்தார்கள்.

"ஒண்ணுமில்ல சித்தப்பா. ஸ்விட்ச் ஆன்ல இருக்கான்னு..."

"நான்தான் அணைச்சேன். இனிமே எதுக்கு அது?"

கிரேன்காரர் உறவு கிடையாது. துறைமுகத்தில் முப்பத்தோரு வருஷம் அப்பா தரையில் நின்று "ஏத்து, இறக்கு, நிறுத்து" என்று வாக்கி டாக்கியில் சொல்லச் சொல்ல, உயரே கூண்டுக்குள் உட்கார்ந்து பெட்டிகளைத் தூக்கி வைத்தவர். அங்கே அப்பாவுக்குச் சிக்னல் என்று பெயர். வேலையை விட்டு, பக்கவாதம் வந்து, இடது பக்கம் முழுக்க விழுந்து மாடியறையில் படுத்த பிறகு தெருவிலும் அதே பெயர்தான். நேற்று பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்த்து, "சிக்னல் போயிட்டாராமே?" என்று கேட்டுவிட்டு, தான் கேட்டது தனக்கே ஒரு மாதிரியாகப் பட, துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார்.

"இதையா தேடற?"

அக்காவின் குரல். கட்டிலுக்கு அந்தப் பக்கம், ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். மடியில் மஞ்சளாக வாக்கி டாக்கி. காலை ஆறு மணி பஸ்ஸில் வந்து இறங்கியவள். கொண்டுவந்த பை இன்னும் பிரிக்காமல் காலடியில் கிடந்தது. அழவில்லை. அக்கா ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் டெலிபோன் போர்டில் வேலை பார்க்கிறாள். நாளைக்கு முந்நூறு அழைப்பு. அதில் பாதி அழுகைதான் என்பாள்.

"புது கவரா?" என்றாள்.

"ம். நேத்துக் காலைலதான் மாத்தினேன்."

"மஞ்சள் எதுக்கு? அவருக்கு மஞ்சளே புடிக்காதே."

"கருப்பு ஸ்டாக் இல்லக்கா. குடு, கீழ கொண்டு போய் வச்சிடறேன்."

"இருக்கட்டும். என் மடி என்ன நெருப்பா?"

அவன் சிரித்து வைத்தான். கதவோரம் நின்ற அவன் மனைவி ஏன் இந்த நேரத்தில் சிரிக்கிறான் என்பது போலப் பார்த்தாள்.

அந்த மஞ்சள் கவருக்குள் ஒரு கம்பி அறுந்து கிடந்தது. தலைமுடி கனத்தில் ஒரே ஒரு கம்பி. அது இந்த அறையில் அவன் ஒருவனுக்கு மட்டும்தான் தெரியும். அப்பாவை எடுத்துப்போகிற வண்டி பதினொரு மணிக்கு. ஒரு மணி நேரத்துக்குள் அந்தச் செட்டைக் கீழே கடைக்குக் கொண்டுபோய்விட வேண்டும். மூன்று நிமிஷம் போதும்.

நேற்றும் மூன்று நிமிஷம்தான்.

*

வீட்டின் கீழ்த்தளம் அவன் கடை. மூடிப்போன கம்பெனிகளில் மூட்டையாக விற்கும் பழைய வாக்கி டாக்கிகளை எடுத்து வருவான். பேட்டரி தேறுமா, பட்டன் தேறுமா என்று பார்த்து, கீறலும் அழுக்குமான மேல் கவரைக் கழற்றி எறிந்துவிட்டுப் புதுசு போடுவான். உள்ளே பத்து வருஷப் பழசு, வெளியே இன்றைக்குப் பிறந்தது. செக்யூரிட்டி ஆட்கள், கட்டட வேலைக்காரர்கள், சினிமா கொட்டகைக்காரர்கள் என்று வாங்க ஆள் இருந்தது.

அப்பா விழுந்த பிறகு அப்படி ஒரு ஜோடியில் ஒன்றை மாடியிலும் ஒன்றைக் கடை மேஜையிலும் வைத்தான். முதலில் மொபைல்தான் வாங்கிக் கொடுத்தார்கள். ஒரு கையால், தடித்த விரலால், வழுக்குகிற கண்ணாடியைத் தடவச் சொன்னால் எப்படி? மூன்றாம் நாள் அது ஜன்னல் வழியாகத் தெருவுக்குப் போனது. வாக்கி டாக்கியைக் கையில் கொடுத்தபோதுதான் அப்பாவின் முகம் ஒழுங்காக ஆனது. கட்டை விரல் தானாகவே பட்டனில் போய் உட்கார்ந்தது.

அன்றிலிருந்து மூன்று வருஷம்.

"மேலிருந்து கீழுக்கு! கடை திறந்தாச்சா, இல்ல துரை இன்னும் பல் தேய்க்கறாரா? ஓவர்."

"மேலிருந்து கீழுக்கு! உன் பொண்டாட்டி வச்ச கொழம்புல உப்பு இல்ல. அவ மேல தப்பு இல்ல, கட்டினவனப் பாத்து சமைச்சிருக்கா. ஓவர்."

கடையில் நிற்கிறவர்கள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். சிலர் கூட்டாளிகளை அழைத்துக்கொண்டு வந்து, பெரியவர் எப்போது பேசுவார் என்று காத்திருந்ததும் உண்டு. அவனுக்கு அப்பா வைத்த பெயர் கவரு. "டேய் கவரு" என்று மேஜை கூப்பிட்டால் தெருவே திரும்பும்.

பேசாமல் இருந்தால் அதைவிட மோசம். கோபம் வந்தால் அப்பா பட்டனை அமுக்கியபடி வாயை மூடிக்கொண்டு படுத்துவிடுவார். கீழே மேஜைச் செட்டில் பச்சை விளக்கு எரியும். பேச்சு இருக்காது, மாடி விசிறியின் கிறீச் மட்டும் வரும். ஒருவர் அமுக்கிக்கொண்டிருக்கும்வரை அந்த லைனில் வேறு எவனும் பேச முடியாது. கடையில் செட்டுகளைச் சோதித்துப் பார்ப்பதும் அதே லைன்தான். துறைமுகத்தில் இதற்கு லைனை அடைக்கிறது என்று பெயர். அங்கே அதைவிடப் பெரிய குற்றம் கிடையாது. தலைக்கு மேல் இருபது டன் தொங்கும்போது லைன் அடைபட்டால் "நிறுத்து" என்ற சொல் போய்ச் சேராது. அந்தக் குற்றத்தைத்தான் அப்பா மகனுக்கென்று எடுத்து வைத்திருந்தார். போன வருஷம் ஒரு நாள் மத்தியானம் முழுக்க அடைத்தார். அவனும் மேலே போகவில்லை. சாயங்காலம் பேட்டரிதான் முதலில் தோற்றது.

நேற்றுக் காலை ஒன்பதரை. ஒரு செக்யூரிட்டி கம்பெனியின் சூப்பர்வைசர் எட்டு செட்டுக்கு ஆர்டரோடு வந்து நின்றார். சாயங்காலம் ஐந்து மணிக்குள் வேண்டும். அவரோடு பேசிக்கொண்டிருந்ததில் மாடிக்குப் போவது பத்து நிமிஷம் தள்ளிப்போனது.

"மேலிருந்து கீழுக்கு. பாத்திரம் ரொம்பிடுச்சு. கவரு, நீ ஏறி வரியா, இல்ல நான் அதை எறக்கி விடட்டுமா? எப்படி எறக்கறதுன்னு எனக்கு நல்லாத் தெரியும். ஓவர்."

சூப்பர்வைசர் மேஜையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அவன் படியேறினான்.

"வந்துட்டாரு. உங்கம்மா செத்தப்பவும் நீ லேட்டுதான்," என்றார் அப்பா.

அவன் மூத்திரப் பாத்திரத்தை எடுத்தான்.

"ஏன் பேச மாட்டியா? உன் வாய்க்கும் கவர் மாத்தணுமா?"

"கொஞ்சம் சும்மா இருங்கப்பா. கஸ்டமர் நிக்கறாரு."

"ஓ, கஸ்டமர்!"

வலது கையில் இன்னும் வலு இருந்தது. செட் அவன் காதோரம் பறந்து போய்ச் சுவரில் மோதி, தரையில் விழுந்து, கட்டிலுக்கடியில் உருண்டது. அவன் மண்டியிட்டு அதை எடுத்தான். முன்பக்கம் மூலைக்கு மூலை விரிசல்.

"எடுத்துட்டுப் போ," என்றார் அப்பா. "தெரிஞ்ச ஒரே வேலை அதானே. கிழிஞ்ச சட்டைய மாத்தி விடு."

கீழே வந்து வேலையில் உட்கார்ந்தான். பேட்டரியைக் கழற்றினான். தலையில் இருந்த இரண்டு குமிழ்களையும் உருவி, அவற்றின் அடியில் இருந்த வளைய நட்டுகளைச் சுழற்றி எடுத்தான். முதுகில் இரண்டு ஸ்க்ரூ. அடியில் தட்டை ஸ்க்ரூ டிரைவரை நுழைத்து ஒரு நெம்பு நெம்பினால், உள்ளே இருக்கிற மொத்தமும் ஒரே பலகையாக வழுக்கிக்கொண்டு வெளியே வரும். கண்ணை மூடிக்கொண்டு செய்வான்.

பலகையின் அடியில் பயறு அளவுக்கு மைக். அதற்குப் போகும் இரண்டு கம்பிகளில் ஒன்று விழுந்த வேகத்தில் அறுந்திருந்தது.

சால்டரிங் அயர்ன் கையெட்டும் தூரத்தில் சூடாகவே இருந்தது. ஒரு துளி ஈயம். மூன்று வினாடி. அயர்னை எடுத்துவிட்டான். நுனியை ஈரப் பஞ்சில் துடைத்தும்விட்டான்.

பிறகு தாங்கியில் திருப்பி வைத்தான்.

நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம். ஒரே ஒரு நாள். இவன் பேசுவது அவருக்குக் கேட்கும். அவர் அமுக்கினால் இங்கே விளக்கு எரியும். எரிந்தால் ஏறிப் போய்ப் பார்த்துவிட்டு வந்தால் ஆயிற்று. குரல் மட்டும்தான் வராது. அதனால் யாருக்கு என்ன நஷ்டம்?

மஞ்சள் கவரில் பலகையை நுழைத்தான். டக்கென்று உட்கார்ந்தது. கவர் மாற்றிய எந்தச் செட்டையும் மனைவி கையில் கொடுத்துத் தெருமுனை வரை அனுப்பி, "ஒண்ணு, ரெண்டு, மூணு" சொல்லச் சொல்லிக் கேட்காமல் அவன் விற்றதில்லை. அன்றைக்கு அமுக்கிப் பார்த்தான். மேஜைச் செட்டில் பச்சை எரிந்தது. போதும்.

மேலே கொண்டுபோய்க் கையில் கொடுத்தபோது, "மஞ்சளா? ஏன், கிலுகிலுப்பையும் சேத்து வாங்கிட்டு வந்திருக்கலாமே," என்றார் அப்பா.

பதினொரு மணிக்குப் பச்சை எரிந்தது. உடனே ஏறினான். தலையணை நழுவியிருந்தது.

"கூப்ட்டதும் வந்துட்டியே, உடம்பு கிடம்பு சரியில்லையா?" என்றார் அப்பா. அவனுக்கே லேசாகச் சிரிப்பு வந்தது. இது நல்ல ஏற்பாடாக இருக்கிறதே என்று நினைத்துக்கொண்டு இறங்கினான்.

பன்னிரண்டரைக்கு மறுபடி. ஏறினான்.

"தண்ணி எங்க?"

"எந்தத் தண்ணி?"

"தண்ணி எடுத்துட்டு வான்னு மூணு தடவ சொன்னேனே. காதுல விழல?"

"விழுந்துச்சு."

"அப்ப தண்ணி எங்கடா?"

அவன் கூஜாவைத் தேடுவது போலத் திரும்பிக்கொண்டான். அப்பா கையிலிருந்த செட்டைப் பார்த்தார். திருப்பி அதன் பின்பக்கத்தைப் பார்த்தார். காதருகே கொண்டுபோய் ஒரு முறை குலுக்கினார். பிறகு அவனைப் பார்த்தார். முப்பத்தோரு வருஷம் அதைக் கையில் வைத்திருந்தவர். அவன் ஊற்றிக் கொடுத்த தண்ணீரைக் குடிக்கவில்லை.

மூன்று மணியிலிருந்து பச்சை விட்டு விட்டு எரிந்தது. எட்டு செட்டில் ஐந்துதான் முடிந்திருந்தது. சூப்பர்வைசர் வேறு சீக்கிரமே வந்து ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார்.

"ஏங்க, மாமா கூப்பிடறாரு போல," என்றாள் மனைவி.

"கூப்பிடல. லைனை அடைக்கறாரு. தண்ணி விஷயத்துல கோவம்."

"நான் வேணா போயிட்டு வரட்டுமா?"

"நீ இந்த ஸ்க்ரூவ முடுக்கு. தெனம் இதே பொழப்பு."

நாலரை மணிக்கு எரிந்த விளக்கு அணையவில்லை.

"பெரியவரு இன்னிக்குப் பேசவே மாட்டேங்கறாரே," என்றார் சூப்பர்வைசர் ஏமாற்றத்தோடு. "அது என்ன, பச்சையா எரிஞ்சுகிட்டே இருக்கு?"

"டெஸ்ட்டிங்," என்றான். கையை நீட்டிச் செட்டைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்தான்.

வெள்ளைச் சுவரில் பச்சை தெரிந்தது. காலையில் கழற்றிப் போட்ட கருப்புக் கவர் மேஜையிலேயே கிடந்தது. அதை எடுத்து முட்டுக் கொடுத்து மறைத்தான்.

மீதி மூன்று செட்டையும் இருபத்தைந்து நிமிஷத்தில் முடித்தான். இவ்வளவு நிம்மதியாக வேலை பார்த்து எத்தனை நாளாயிற்று! கடைசி ஸ்க்ரூவை முடுக்கும்போது சீட்டியடித்துக்கொண்டிருந்ததை அவனே கவனித்தான். சூப்பர்வைசர் செட்டுகளை வாங்கிக்கொண்டு போனார்.

ஐந்தரைக்கு மனைவி டீ எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனாள். திரும்பி வந்தவள் அலறவில்லை. பாதிப் படியில் நின்றாள். கையில் டம்ளர் அப்படியே இருந்தது.

"என்னங்க," என்றாள். "கட்டை விரல எடுக்க வரமாட்டேங்குது."

*

"வீம்பு புடிச்ச ஆளு," என்றார் கிரேன்காரர். "மூச்சு நிக்கற நேரத்துலகூட ஒருத்தரையும் கூப்பிடல பாரு. சிக்னல்னா சிக்னல்தான்."

"கூப்பிடலையாமா?" என்று கேட்டாள் அக்கா.

"தம்பிதான் சொன்னான், ராத்திரி. செட்டு நல்லா வேலை செஞ்சுது, அவருதான் ஒரு வார்த்தை பேசலன்னு."

"என்கிட்டயும் போன்ல அதான் சொன்னான்."

அக்கா அவனைப் பார்க்கவில்லை. மடியிலிருந்த செட்டின் பட்டனைப் பெருவிரலால் தடவிக்கொண்டிருந்தாள், அமுக்காமல்.

"இவ சொன்னா," என்று அவன் மனைவியைக் காட்டினாள். "விரல் பட்டன்லயே இறுகிப் போய் இருந்துச்சாம். ரெண்டு கையாலயும் பிரிச்சு எடுத்திருக்கா. அப்ப அமுக்கியிருக்காருல்ல?"

"அமுக்கினாரு," என்றான் அவன். இதை ராத்திரியே யோசித்து வைத்திருந்தான். "அமுக்கிட்டுப் பேசாம படுத்திருந்தாரு. லைனை அடைச்சாரு."

"யாரு, சிக்னலா?" கிரேன்காரர் நாற்காலியில் நிமிர்ந்தார். "லைனை அடைச்சான்னு ஒருத்தனை லாரிக்கு லாரி தொரத்தித் தொரத்தி அடிச்ச மனுசன்யா அவரு!"

"வீட்ல அடைப்பாரு சித்தப்பா. கோவம் வந்தா. இவளையே கேளுங்க."

"ஆமா அண்ணி," என்றாள் மனைவி. அவள் அறிந்த உண்மை அது. "போன வருஷம் ஒரு மத்தியானம் பூரா அடைச்சாரு. நேத்தும் லைட்டு எரிஞ்சுது. நான்கூட போறேன்னு சொன்னேன். சத்தமே வரல. கோவமா இருப்பாருன்னு..."

முடிக்க முடியாமல் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

"நீ அழாத," என்றாள் அக்கா. "சத்தமே வரலையா?"

"வரல அண்ணி."

"கொஞ்சங்கூட? மூச்சு, இருமல், ஃபேன் சத்தம்?"

மனைவி யோசித்தாள். "இல்ல அண்ணி. அமைதியா இருந்துச்சு."

அக்கா தலையைத் தூக்கி மின்விசிறியைப் பார்த்தாள். பழைய விசிறி. ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு கிறீச். அவன் கையை நீட்டினான்.

"அக்கா, குடு அதை. சார்ஜ் இறங்கியிருக்கும்."

"ராத்திரி பூரா சார்ஜர்லதான் இருந்துச்சாம். ஃபுல்லா இருக்கு." எழுந்து நின்றாள். "நீ ஒண்ணு பண்ணு. கீழ போ. நான் இங்கேர்ந்து இதுல பேசறேன். என்ன சொன்னேன்னு வந்து சொல்லு."

"இப்பவா? வண்டி வர்ற நேரத்துல என்னக்கா விளையாட்டு?"

"வர்றதுக்குள்ள முடிஞ்சிடும். போ."

"அப்பா கிடக்கறாரு, நீ..."

"அவருக்கு எல்லாமே செக் பண்ணித்தான் பழக்கம். போடா."

சின்ன வயதில் கடைக்கு அனுப்புகிற அதே குரல். அவன் போனான்.

பதினான்கு படிகள். கடை ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. குனிந்து உள்ளே போனான். மேஜையில் எல்லாம் நேற்று விட்டபடியே கிடந்தன. செட் சுவரைப் பார்த்தபடி, அதன் முன்னால் கருப்புக் கவர். கவரை எடுத்துக் கீழே போட்டான்.

காத்திருந்தான்.

டிக். சுவரில் பச்சை விழுந்தது.

வால்யூம் குமிழைக் கடைசி வரை திருப்பினான். ஒன்றுமில்லை. காதைக் கொண்டுபோய் ஸ்பீக்கரில் ஒட்டினான். ஒன்றுமில்லை. தலையை நிமிர்த்திக் கூரையைக் கேட்டான். மேலே நாற்காலி நகர்ந்தது. கிரேன்காரர் இருமினார். அக்காவின் குரல் படிவழியாக ஒழுகி வருமா என்று ஷட்டர் வரை போய் நின்றான். தெருவில் ஒரு மோட்டார் சைக்கிள் போயிற்று.

திரும்பிப் பார்த்தபோது பச்சை அணைந்திருந்தது.

பத்து வினாடி இருக்குமா? பத்து வினாடிக்குள் என்ன சொல்லியிருப்பாள்? சரியாகக் கேட்கவில்லை என்று சொல்லலாம். சொன்னால், நல்லா வேலை செஞ்சுது என்று ராத்திரியெல்லாம் இருபது பேரிடம் சொன்னது என்னாவது? அப்படியானால் இங்கேயே பிரித்துக் காட்டு என்பாள். மாட்டாளா? அக்கா அப்பாவின் மகள். சின்ன வயதில் அப்பாவின் பழைய செட்டை வைத்து இரண்டு பேரும் விளையாடுவார்கள், அவள் மொட்டை மாடி, இவன் கிணற்றடி. அவள் முதலில் சொல்வது எப்போதும் ஒன்றுதான். முப்பது வருஷமாக அவனை அப்படித்தான் கூப்பிடுகிறாள். படியேறும்போது ஒரு முறை முணுமுணுத்துப் பார்த்துக்கொண்டான். சரியாகத்தான் வந்தது.

அறையில் யாரும் அசையவில்லை. அக்கா ஜன்னலோரம் நின்றிருந்தாள்.

"கேட்டுச்சா?"

"நல்லாக் கேட்டுச்சுக்கா."

"என்ன சொன்னேன்?"

"'மேலிருந்து கீழுக்கு, கேக்குதா தம்பி'ன்னு சொன்ன." அவர்கள் முகத்தில் ஒன்றும் தெரியாததால் இன்னும் கொஞ்சம் சேர்த்தான். "அப்படியே அப்பா மாதிரியே இருந்துச்சு. எனக்கு ஒரு மாதிரி ஆயிடுச்சு."

கிரேன்காரர் மெதுவாகக் குனிந்து தன் செருப்பைப் பார்த்தார்.

"நான் வாயவே தொறக்கலடா," என்றாள் அக்கா. லைன் பிஸியாக இருக்கிறது, காத்திருங்கள் என்று சொல்கிற குரல். "அமுக்கிட்டுச் சும்மா நின்னேன்."

விசிறி கிறீச்சிட்டது. மனைவி அவனைப் பார்த்தாள். மஞ்சள் செட்டைப் பார்த்தாள். மறுபடி அவனைப் பார்த்தாள். முந்தானை அவள் வாயிலிருந்து நழுவியது.

"நீங்க நேத்து," என்று ஆரம்பித்தாள். "என்னைத் தெருமுனைக்கு அனுப்பவே இல்லையே."

கீழே வண்டியின் ஹாரன் கேட்டது.

ஸ்ட்ரெச்சரோடு இரண்டு ஆட்கள் ஏறி வந்தார்கள். ஒருவன் அறையையும் கட்டிலையும் படியையும் ஒரு பார்வையில் அளந்தான்.

"படி ரொம்பக் குறுகல். வளைவு வேற. தலைமாட்டுல இன்னொரு ஆள் வேணும். பையன் யாரு?"

எல்லோரும் ஒரே பக்கம் பார்த்தார்கள்.

அப்பாவைத் தூக்கி ஸ்ட்ரெச்சரில் வைத்து வார் போட்டுக் கட்டினார்கள். வலது கை மட்டும் துணிக்கு வெளியே நழுவியது. அக்கா அதை எடுத்து உள்ளே வைத்தாள். கட்டை விரல் இன்னும் உள்பக்கம் வளைந்தே இருந்தது. பிறகு அவனிடம் வந்தாள். பள்ளிக்கூடத்துக்கு அனுப்புகிறவள் போல அவன் சட்டையை இழுத்து நேராக்கினாள். மஞ்சள் செட்டின் கிளிப்பை அவன் இடுப்பு பெல்ட்டில் மாட்டி, அசைகிறதா என்று ஒரு முறை இழுத்துப் பார்த்தாள்.

"நீயே வச்சுக்க," என்றாள். "உனக்குத்தான் நல்லாக் கேக்குதே."

அவன் தலைமாட்டுக் குழாயைப் பிடித்தான். கிரேன்காரர் எல்லோருக்கும் முன்னால் போய், படிக்கு முதுகைக் காட்டி, முகம் ஸ்ட்ரெச்சரைப் பார்க்க, பின்பக்கமாகவே இறங்கத் தொடங்கினார். வலது கையை உயர்த்தி விரல்களை மடக்கி விரித்தார். முப்பத்தோரு வருஷம் கேட்ட சொற்கள். சொல்வது இதுதான் முதல் தடவை.

"எறக்கு... எறக்கு... எடது பக்கம்... மெதுவா..."

கனம் சரிந்து முழுவதும் அவன் பக்கம் வந்தது. ஸ்ட்ரெச்சரின் இரும்புக் குழாய் இடுப்பில் இடித்தது. செட்டின் ஓரத்துப் பட்டனில் இடித்தது. கையை விட்டு அதை நகர்த்த வழியில்லை. இரண்டு கையிலும் அப்பா இருந்தார்.

"எறக்கு..."

வளைவில் கடை தெரிந்தது. பாதி ஷட்டருக்குக் கீழே மேஜையும், மேஜைக்குப் பின்னால் வெள்ளைச் சுவரும்.

ஒரு படி இறங்கினான். டிக். சுவரில் பச்சை எரிந்தது. அடுத்த படியில் அணைந்தது. அதற்கடுத்த படியில், டிக், மறுபடி எரிந்தது. கடைசி வரை திருப்பிய குமிழை அவன் குறைக்கவில்லை. அந்த டிக் மட்டும் தெரு வரைக்கும் கேட்டது.

"நிறுத்து," என்றார் கிரேன்காரர்.

நின்றார்கள். குழாய் இடுப்பில் அழுந்தியபடி இருந்தது. பச்சை அணையவில்லை.